தலைக்கவசமும் வீதியும்: துவிச்சக்கரவண்டிச் சட்டங்களின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர் மெல்பேர்ண் நகரில் வசிக்கும் எனது இளைய சகோதரனின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் காலை, பத்திரிகை வாங்கி வருவதற்காக அவனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்ட முற்பட்டபோது அவனது மகள் ஓடிவந்து வழிமறித்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயதிருக்கும். கையில் ஒரு தலைக்கவசம் இருந்தது. "பெரியப்பா, இதைப் போடாமல் போனால் பொலிஸ் பிடிக்கும்" என்றாள். கடைக்குப் போய்வர ஐந்து நிமிடம் என்றேன். "ஐந்து நிமிடத்திலும் விழலாம்தானே?" என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கவசத்தை அணிந்துகொண்டேன்.

சைக்கிளுடன் வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டு, எரிபொருள் தடையும் சேர்ந்துகொண்டபோது யாழ்ப்பாணக் குடாநாடே சைக்கிளில் ஓடியது. ஆசிரியர்கள், வைத்தியர்கள், எம்மைப் போன்ற செய்தியாளர்கள், விறகுக் கட்டுகள், நோயாளிகள் என அனைத்தும் இரண்டு சக்கரங்களின் மீதே பயணித்தன. தலையைப் பற்றி எவரும் சிந்திக்கவில்லை. வானத்திலிருந்து விழுவதைப் பற்றியே சிந்தித்தோம். அதே 1990ஆம் ஆண்டு, ஜூலை மாதம் முதலாம் திகதி, அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சைக்கிளோட்டும் சிறுவரும் பெரியவரும் தலைக்கவசம் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. எல்லா வயதினருக்கும் அத்தகையதொரு சட்டத்தை உலகில் முதன்முதலாகக் கொண்டுவந்த இடம் அதுவே என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கத் தவறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு மரணத்திலிருந்து

1935ஆம் ஆண்டு மே மாதம், 'அரேபிய லோரன்ஸ்' எனப் புகழ்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் தமது மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். எதிர்ப்பட்ட இரு சைக்கிளோட்டிகளான சிறுவர்களை மோதாமல் தவிர்க்க முயன்றபோது தூக்கி வீசப்பட்டார். ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து உயிர் நீத்தார். அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர்களுள் ஒருவர் அவுஸ்திரேலியாவில் பிறந்த நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரான ஹியூ கெயின்ஸ். லோரன்ஸின் மரணம் அவரை வெகுவாகப் பாதித்தது. தலைக்காயங்களைப் பற்றிய ஆய்வில் அவர் இறங்கினார்.

1941இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் கெயின்ஸ் வெளியிட்ட கட்டுரை, இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிளில் சென்ற 2,279 பேர் உயிரிழந்ததைச் சுட்டிக்காட்டியது. தலைக்கவசம் அணிந்திருந்தோருள் அவர் கண்ட காயக்காரர்கள் ஏழு பேர் மட்டுமே. அந்த எழுவரும் உயிர் தப்பியிருந்தனர். அதே ஆண்டின் இறுதியில், கடமையிலுள்ள மோட்டார் சைக்கிள் படையினர் யாவரும் கவசம் அணியவேண்டுமென இராணுவம் கட்டளையிட்டது. எனினும் பிரித்தானியப் பொதுமக்களுக்கு அது சட்டமாவதற்கு 1973ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சைக்கிளோட்டிகளுக்கு இந்த அறிவு இன்னும் தாமதமாகவே கிட்டியது. பந்தயக்காரர்கள் தோல் பட்டிகளால் பின்னப்பட்ட ஒருவகைத் தலைக்கட்டை அணிந்தனர். அது உராய்வைத் தடுத்ததேயன்றி அடியைத் தாங்கவில்லை. 1975இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம், நொறுங்கும் தன்மையுள்ள பொலிஸ்ரைரீன் நுரையை உட்புறத்தில் கொண்ட சைக்கிள் கவசமொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் காணும் கவசங்களின் முன்னோடி அதுவே. அந்த நுரை தான் நசுங்குவதன் மூலம் அடியின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. மண்டையோட்டுக்குள் மூளை சடுதியாக நிறுத்தப்படுவதை ஒரு கணத்தின் சிறு பகுதியளவேனும் அது தாமதப்படுத்துகிறது. அந்தச் சிறு தாமதமே உயிரைக் காப்பாற்றுகிறது.

விக்டோரியாவின் வழி

விக்டோரியா மாநிலம் இத்தகைய சட்டங்களுக்குப் புதியதல்ல. மோட்டார் சைக்கிள் கவசத்தை 1961இலும், கார் இருக்கைப் பட்டியை 1970இலும் உலகிற்கு முன்னோடியாகக் கட்டாயமாக்கிய மாநிலம் அது. சைக்கிள் கவசத்துக்காக அங்குள்ள சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தனர். பாடசாலைகளில் பிரசாரம் நடந்தது. கவசம் வாங்குவோருக்கு விலைக்கழிவு வழங்கப்பட்டது. சட்டம் வருவதற்கு முன்னரே அணிவோர் தொகை 31 சதவீதத்தை எட்டியிருந்தது. சட்டம் வந்த மறு ஆண்டில் அது 75 சதவீதமாயிற்று.

ஏனைய மாநிலங்கள் பின்தொடர்ந்ததற்குக் காரணம் மத்திய அரசாங்கத்தின் நிதியாகும். 1989 டிசெம்பரில் பிரதமர் பொப் ஹோக் பத்து அம்ச வீதிப் பாதுகாப்புத் திட்டமொன்றை அறிவித்தார். விபத்துகள் மலிந்த வீதிப் பகுதிகளைச் சீரமைப்பதற்கான நிதி வேண்டுமானால் மாநிலங்கள் அத்திட்டத்தை ஏற்கவேண்டும் என்பது நிபந்தனை. சைக்கிள் கவசம் அந்தப் பத்து அம்சங்களுள் ஒன்று. 1992ஆம் ஆண்டு முடிவதற்குள் அவுஸ்திரேலியா முழுவதும் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. வடபிரதேசம் மாத்திரம் 1994இல், நடைபாதைகளிலும் சைக்கிள் பாதைகளிலும் செல்லும் பெரியவர்களுக்கு விலக்களித்தது.

தலைக்காயத்துடன் வைத்தியசாலைக்கு வருவோரின் தொகை குறைந்தது. ஆனால் இன்னொன்றும் குறைந்தது. மெல்பேர்ண் நகரில் சட்டத்தின் முதல் ஆண்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில், பதின்ம வயதினரின் சைக்கிளோட்டம் ஏறத்தாழ நாற்பது சதவீதத்துக்கு மேல் வீழ்ச்சியடைந்திருந்தது. காயங்கள் குறைந்தது கவசத்தினாலா, சைக்கிளோட்டுவோர் குறைந்ததனாலா என்ற வாதம் அன்று தொடங்கியது. இன்றுவரை ஓயவில்லை. சைக்கிளை விட்டு காரில் ஏறிய சிறுவனின் தலை பாதுகாக்கப்பட்டது உண்மை. அவனது இருதயத்தைப் பற்றி யார் கணக்கெடுத்தார்கள் என்பது எதிர்த்தரப்பினரின் கேள்வி.

ஒரு தாய், ஒரு தந்தை

நியூசிலாந்தில் இச்சட்டம் 1994 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னால் ஒரு தாய் நின்றார். ரெபேக்கா ஓற்றன் என்ற அப்பெண்மணியின் மகன் 1986இல் சைக்கிளில் பாடசாலைக்குச் செல்லும்போது கார் மோதி, மூளையில் நிரந்தரப் பாதிப்புக்குள்ளானான். கவசம் அணிந்திருந்தால் இந்நிலை வந்திராது என வைத்தியர் கூறிய சொல்லைப் பற்றிக்கொண்டு அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் பாடசாலை பாடசாலையாக ஏறியிறங்கினார். மக்கள் அவரைத் 'தலைக்கவச அம்மையார்' என்றே அழைத்தனர்.

பூகோளத்தின் மறுபக்கத்தில், அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தந்தைக்கும் இதுபோன்றதொரு துயர் நேர்ந்தது. நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டு மாத்திரம் வீதி விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களில் 400 பேருக்கு மேற்பட்டோர் சிறுவர்கள். அச்சிறுவர்களில் ஒருத்தி, விக் லங்கன்ஹொஃப் என்ற பத்திரிகையாளரின் மகள். 1972இல் அவர் 'டெ டைட்' நாளிதழில் எழுதிய கட்டுரைக்கு இட்ட தலைப்பு, 'சிறுவர் படுகொலையை நிறுத்துங்கள்' என்பதாகும். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் வீதிகளை மறித்தனர். பிள்ளைகள் விளையாடுவதற்காகத் தெருக்களை மூடினர். பிரதமர் யோப் டென் ஒய்லின் இல்லத்துக்குச் சைக்கிளில் சென்று பாடினர். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அவர்களுக்குத் துணைநின்றது. கார்களிலிருந்து பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதைகள் உருவாகின. குடியிருப்புத் தெருக்களில் வாகனங்களின் வேகம் நடைவேகத்துக்குக் குறைக்கப்பட்டது.

ஒரு பத்திரிகையாளன் என்ற வகையில் இந்த வரலாறு என்னை நெகிழ வைப்பதுண்டு. தன் பிள்ளையை இழந்தவன் எழுதிய ஒரு கட்டுரை, ஒரு தேசத்தின் வீதிகளை மாற்றுவதற்குக் காரணமாயிற்று. நாம் எழுதிய எத்தனையோ கட்டுரைகள் மறுநாள் பொட்டலமாய்ப் போனதை எண்ணும்போது இது சாதாரண விடயமல்ல.

இருவரும் ஒரே துயரிலிருந்து புறப்பட்டவர்கள். தாய் கேட்டது, பிள்ளையின் தலைக்கு ஒரு காப்பு. தந்தை கேட்டது, பிள்ளையை மோதாத ஒரு வீதி. நெதர்லாந்தில் இன்று மொத்தப் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில் நிகழ்கின்றன. சாதாரண சைக்கிளுக்குக் கவசச் சட்டம் கிடையாது. அணிவோரும் சிலரே. எனினும் அந்நாடும் முழு வெற்றி கண்டுவிட்டதென்று கூறமுடியாது. 2022இல் அங்கு 291 சைக்கிளோட்டிகள் உயிரிழந்தனர். மின் சைக்கிள்களில் செல்லும் முதியோர் அவர்களுள் கணிசமானோர். இதனால் விருப்பத்தின்பேரில் கவசம் அணியுமாறு கோரும் குரல் அங்கும் வலுத்து வருகிறது.

ஆய்வுகள் கூறுவது

1989இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, கவசம் தலைக்காயத்தின் அபாயத்தை 85 சதவீதம் குறைப்பதாகக் கூறியது. உலகின் பல சட்டசபைகளில் இந்த எண் மேற்கோள் காட்டப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அந்தளவு பயனைக் காணவில்லை. 2013இல் அமெரிக்க அரச நிறுவனங்களே அந்த எண்ணைத் தமது வெளியீடுகளிலிருந்து நீக்கின. 2016இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 40 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, காயமடைந்த 64,000 பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்தனர். பாரதூரமான தலைக்காயத்தின் வாய்ப்பு 69 சதவீதமும், உயிர்போக்கும் தலைக்காயத்தின் வாய்ப்பு 65 சதவீதமும் கவசத்தினால் குறைவதாக அவர்கள் கண்டனர். விழுந்தவனுக்குக் கவசம் உதவும் என்பதில் ஐயமில்லை.

விழாமலிருக்க அது உதவுமா என்பது வேறு கேள்வி. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயன் வோக்கர் தமது சைக்கிளில் தூரமானியைப் பொருத்தி, தம்மைக் கடந்த சுமார் 2,500 வாகனங்களை அளந்தார். கவசம் அணிந்திருந்தபோது வாகனங்கள் சராசரியாக 8.5 சென்ரிமீற்றர் நெருங்கிக் கடந்தன. ஆய்வின்போது இருமுறை வாகனங்கள் அவரை மோதின. இரு தடவையும் அவர் கவசம் அணிந்திருந்தார். இம்முடிவைப் பின்னர் மறுத்தோரும் உளர்.

சட்டம் சுருங்கிய இடங்கள்

பல நாடுகள் நடுவழியைத் தேர்ந்தன. கனடாவின் ஒன்ராரியோ மாகாணம் 1995 முதல் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு மாத்திரம் கட்டாயமாக்கியது. சுவீடன் 2005இல் 15 வயதுக்குக் குறைந்தோருக்கும், பிரான்ஸ் 2017இல் 12 வயதுக்குக் குறைந்தோருக்கும் சட்டமியற்றின. பிரான்சில் 135 யூரோ தண்டத்தைச் செலுத்த வேண்டியவர், சிறுவருடன் செல்லும் பெரியவர் ஆவார். ஜப்பான் 2023இல் எல்லா வயதினருக்கும் அதை ஒரு கடமையாக்கியது. தண்டனை எதையும் விதிக்கவில்லை.

வேறு சிலர் பின்வாங்கினர். பொதுச் சைக்கிள் சேவை தொடங்கிய 2010இல் மெக்சிக்கோ நகரம் தன் கவசச் சட்டத்தை நீக்கியது. இஸ்ரேல் 2011இல் நகரங்களில் பெரியவர்களுக்கு விலக்களித்தது. மெல்பேர்ணிலும் 2010இல் அவ்வாறான சேவை தொடங்கிற்று. ஐந்து டொலருக்குக் கவசம் விற்றும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2019இல் அது மூடப்பட்டது. சியாற்றில் நகரை உள்ளடக்கிய கிங் கவுன்ரி 2022இல் தன் சட்டத்தை இரத்துச் செய்தது. வீடற்றோரும் கறுப்பினத்தோருமே அச்சட்டத்தின் கீழ் அளவுக்கு மீறித் தண்டிக்கப்பட்டனர் என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் முக்கியமானது. தலையைக் காக்க வந்த சட்டம் பொலிஸாரின் கையில் வேறொன்றாக மாறக்கூடும் என்பதை எம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016இல் தண்டப்பணத்தை 71 டொலரிலிருந்து 319 டொலராக உயர்த்தியமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்குக் கவசம் கட்டாயம். துவிச்சக்கரவண்டிக்கு அத்தகைய சட்டமில்லை. வேண்டுமென்று நான் வாதிட வரவில்லை. காலையில் தோட்டத்துக்குச் செல்லும் ஏழை உழைப்பாளியை மறித்துத் தண்டம் விதிப்பதால் வீதி பாதுகாப்பானதாகிவிடாது. பேருந்துகளும் பாரவூர்திகளும் விரையும் பெருந்தெருவில் பாடசாலைச் சிறுமிக்கு ஒரு தனி வழி இல்லாதவரை, அவள் தலைமீது எதை வைத்தாலும் அது அரைகுறைக் காப்பே. கவசங்கள் சோதிக்கப்படுவது மணிக்குச் சுமார் 20 கிலோமீற்றர் வேகத்திலான மோதலுக்கே. பாரவூர்திக்கு எதிராக எவரும் அதைச் சோதிப்பதில்லை.

ஆனால், பிள்ளைகள் விழுகிறார்கள். வாகனமே இல்லாத ஒழுங்கையிலும் விழுகிறார்கள். ஆகவே வாங்க வசதியுள்ள பெற்றோர் வாங்கிக் கொடுக்க வேண்டும். புருவத்துக்கு மேல் இரு விரல் அகலத்தில் கவசம் நேராக அமர வேண்டும். பின்னுக்குச் சரிந்த கவசம் நெற்றியைக் காக்காது. தாடைப் பட்டிக்கும் தாடைக்கும் இடையே ஒரு விரல் மட்டுமே நுழைய வேண்டும். பலமான அடிபட்ட கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினாலும் அதனுள் நுரை நசுங்கியிருக்கும். அதை மீண்டும் பயன்படுத்தலாகாது. விளையாட்டிடங்களில் ஏறி இறங்கும்போது பிள்ளைகள் கவசத்தைக் கழற்றிவிட வேண்டும். பட்டி சிக்கிக் கழுத்து நெரிபட்ட சம்பவங்கள் உண்டு.

அன்று மெல்பேர்ணில் பத்திரிகை வாங்கித் திரும்பியபோது, சைக்கிளுக்கென வரையப்பட்ட வெண்கோட்டை மறித்துக் கார்கள் நிறுத்தப்பட்டிருந்தன. நடுவீதிக்கு விலகியே நான் செல்ல வேண்டியிருந்தது. வீடு சேர்ந்ததும் பெறாமகளிடம் அதைச் சொன்னேன். "அந்தக் கார்களைப் பொலிஸ் பிடிக்காதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை.