ரப்பர், அரிசி, ஆள்: சயாம் ரயில்பாதையின் கணக்கு



கரையாம்புத்தூர் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். நாலு வயல் தாண்டினால் இங்கிலீஷ்காரனின் தென்னார்க்காடு. அந்த மாவட்டத்துச் சேரிகளிலிருந்தும் கங்காணிகள் முன்பணம் கொடுத்து மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றினார்கள். 1938இல் இந்திய அரசு அதைத் தடுத்தபோது லட்சக்கணக்கான தமிழர்கள் தோட்டங்களில் குடியிருந்தார்கள். அவர்களில் கணிசமானோர் நம் மக்கள்.

போரைக் கொடிகளையும் தலைவர்களையும் வைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஜப்பானின் இராணுவ ஆட்சி நடத்திய போரை எண்ணெயிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய எண்ணெயில் சுமார் 80 விழுக்காடு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941 ஜூலையில் ஜப்பானியப் படை தெற்கு இந்தோசீனத்துக்குள் நுழைந்தது. (புதுவை முந்தின ஆண்டே தெகோல் பக்கம் சேர்ந்திருந்தது, சைகோன் நிர்வாகம் விஷி பக்கம் நின்றது.) அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. கையிருப்பு தீருமுன் வேறிடத்தைப் பிடித்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டு டிசம்பரில் போரில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரிக்குள் பலெம்பாங் எண்ணெயும் மலேயாவின் ரப்பரும் வெள்ளீயமும் கைக்கு வந்துவிட்டன.

வந்த பிறகுதான் சிக்கல். பிடித்ததை ஏற்றிச் செல்லக் கப்பல் போதவில்லை. ரப்பரை வாங்கிவந்த அமெரிக்காவும் பிரிட்டனும் இப்போது எதிரிகள். பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கிய நாடு மலேயா. மரவள்ளிக்கிழங்கே அங்கு சோறானது. ஆட்சி அச்சடித்துத் தள்ளிய வாழைமர நோட்டு, பின்னாளில் வரிசை எண்கூட இல்லாமல், மதிப்பிழந்துகொண்டே போனது. துரைமார்கள் முன்பே தப்பிவிட்டார்கள். லயங்களில் மிஞ்சியது வேலையில்லாத ஆட்கள்.

அந்த ஆட்களுக்கு ஆட்சி ஒரு வேலை வைத்திருந்தது. பர்மாவிலிருந்த படைக்குக் கடல்வழியே சரக்கு அனுப்பினால் நேசநாட்டு நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. ஆகவே சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில்பாதை. இயந்திரத்துக்குப் பதில் மனிதர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்றார்கள். கங்காணி சொல்லிக் கூட்டிவந்த அதே மாதிரிப் பேச்சு. பிரிட்டிஷ் முதலாளி உண்டாக்கிய லயத்தையும் கிராணியையும் பெயர்ப் பட்டியலையும் ஜப்பான் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆள்பிடிக்கப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆள் சேராத இடத்தில் பலவந்தம்.

1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. அக்டோபரில் பாதை முடிந்தது. போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். செத்தவர்கள் சுமார் 12,000. கைதிகளுக்குப் பட்டியல் இருந்தது, மருத்துவர்கள் இருந்தார்கள், நாட்குறிப்பு எழுதியவர்கள் இருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் என்றும், செத்தவர்கள் 90,000 என்றும் சொல்லப்படுவதெல்லாம் மதிப்பீடுதான். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் இருந்தார்கள். மலேயாவிலிருந்து போனவர்களில் தமிழரே மிகுதி.

இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். படிக்கட்டும். அதில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்களும் இதே லயங்களிலிருந்து வந்தவர்கள்தான்; ரயில்பாதைக்குத் தப்பிக்கச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் ஜப்பானை இந்தியாவின் நண்பனாக மட்டும் காட்டும் வரலாற்றில் அந்தப் பாதை வருவதில்லை. வந்தால், செத்தவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டிவரும்.

காஞ்சனபுரியில் நேசநாட்டுக் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரோடு. நம்மவர்களைக் கூட்டமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். உயிரோடு திரும்பியவர்கள் மடியில் முடிந்து வந்த கூலியோ வாழைமர நோட்டு. 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் நிர்வாகம் அது செல்லாது என்று அறிவித்தது.