கசிவும் களைப்பும்: ஆவடி டேங்கின் கதை

தீவுத்திடல் பொருட்காட்சியிலோ மெரினா மணலிலோ பலூன் சுட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். குறி சரியாகத்தான் இருக்கும். ஆனால் குண்டு பலூனில் பட்டு, அதை உடைக்காமல் பொத்தென்று கீழே விழும்! கடைக்காரர் சிரித்துக்கொண்டே குழலை மடக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடியும் கையில் கொடுப்பார். அந்த ஏர் கன்னுக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், ஒன்றிரண்டு வாஷர். அவ்வளவுதான். வாஷர் தேய்ந்துபோனால் அழுத்திய காற்று ஓரமாக நழுவிவிடும். குண்டைத் தள்ள எதுவும் மிச்சம் இருக்காது.

கசிவு, சக்தி போதாமை என்ற இதே இரண்டு புகார்களைத்தான் சென்னைக்கு மேற்கே ஆவடியில் உருவான 58 டன் ஆயுதம் ஒன்றும் பல வருடம் சுமந்தது. அர்ஜுன் டேங்க்.

ஆவடி என்றால் சரித்திரப் புத்தகத்தில் 1955 காங்கிரஸ் மாநாடு. அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் கேட்டால் 'டேங்க் ஃபேக்டரி'. அந்தக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டேங்க் 1965 டிசம்பரில் வெளியே வந்தது. விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வடிவமைப்பு. உள்ளே லேலண்ட் எல்-60 இன்ஜின், 535 குதிரைத்திறன். இதே குடும்பத்து இன்ஜின்தான் பிரிட்டனின் சீஃப்டெய்ன் டேங்கிலும் இருந்தது. அங்கே அது வாங்கிய கெட்ட பெயர் கொஞ்சமல்ல. சிலிண்டர் லைனரின் சீல்கள் விட்டுப்போகும், குளிர்விக்கும் நீர் கசியும், சொன்ன சக்தி வராது. ஆக, கசிவு டேங்க் உலகத்துக்குப் புது வியாதி இல்லை.

விஜயந்தாவுக்குப் பிறகு சொந்த டேங்க் வேண்டும் என்று ராணுவம் 1972-ல் கேட்டது. 1974-ல் அரசு 15.5 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆவடியில் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் 1976-ல் முழு வடிவம் பெற்றது. 1500 குதிரைத்திறன் இன்ஜினை நாமே செய்வது என்று திட்டம். முதலில் கேஸ் டர்பைன் என்று யோசித்தார்கள், பிறகு காற்றால் குளிரும் டீசல் இன்ஜின் என்றார்கள். கேட்ட சக்தி வரவே இல்லை. கடைசியில் ஜெர்மனியின் எம்.டி.யு. கம்பெனியிடமிருந்து 1400 குதிரைத்திறன் இன்ஜின் வாங்கினார்கள். அந்த இன்ஜினின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. லெபர்ட் 1 டேங்கில் 830 குதிரைத்திறன் கொடுத்த அதே 838 வரிசை, டர்போ சார்ஜர் ஊதி ஊதி 1400 வரை ஏற்றப்பட்டது! ஐரோப்பாவின் குளிரில் ஓடுவது வேறு, ராஜஸ்தான் வெயிலில் ஓடுவது வேறு. சூடான காற்று லேசானது. இன்ஜினுக்குள் போகும் காற்றின் எடை குறைந்தால் எரியும் டீசலும் குறையும், சக்தியும் குறையும்.

சரி, கசிவு எங்கே வந்தது?

டி-72, டி-90 போன்ற ரஷ்ய டேங்குகளில் சக்கரங்களைத் தாங்குவது முறுக்கும் எஃகுத் தண்டுகள். அவற்றில் கசிய ஒன்றுமே இல்லை. அர்ஜுனில் அப்படி இல்லை. பக்கத்துக்கு 7 சக்கரம். சக்கரம் மேட்டில் ஏறும்போது ஒரு பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் அடைத்துவைத்த நைட்ரஜன் வாயுவை அழுத்தும். அந்த வாயுதான் ஸ்பிரிங். பொருட்காட்சித் துப்பாக்கியில் வாயு ஒரு நொடி அழுத்தம் தாங்கினால் போதும், இங்கே வருடக்கணக்கில் தாங்க வேண்டும். பலன் என்னவோ அருமைதான். மேடு பள்ளத்தில் டேங்க் மிதந்து போகும், ஓடிக்கொண்டே குறி தவறாமல் சுடலாம். ஆனால் எல்லாம் சீலின் கையில்! மணல் துகள் பிஸ்டன் தண்டில் கீறல் போடும், வெயில் ரப்பரை இறுக்கும். 15 டிகிரியில் அடைத்த வாயு 50 டிகிரிக்குப் போனால் அழுத்தம் சுமார் 12 சதவீதம் கூடும். சீல் விட்டுக்கொடுத்தால் எண்ணெய் வழியும், வாயு போகும், அந்தச் சக்கரம் தொய்ந்துவிடும்.

2000-ல் 124 டேங்குகளுக்கு ஆர்டர் கிடைத்தது. முதல் ஐந்து 2004 ஆகஸ்டில் ஆவடியில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. பிரச்னை அதோடு தீரவில்லை. 2007 சோதனைகளுக்குப் பிறகு ராணுவம் சொன்ன குறைப் பட்டியலில் பவர் பேக் திரும்பத் திரும்ப பழுதாவதும் இருந்தது, இந்த வாயு சஸ்பென்ஷன் செயலிழப்பதும் இருந்தது. செய்தவர்களும் வாங்கியவர்களும் ஒருவரையொருவர் நம்பாத காலம் அது. இணை அமைச்சர் ராவ் இந்தர்ஜித் சிங், நாசவேலை நடந்திருக்குமா என்றும் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். பழுது எப்போது, எப்படி ஆகிறது என்று பதிவு செய்ய டேங்கிலேயே கருவி வைத்தார்கள். மெக்கானிக்கைப் பார்த்து வண்டிக்காரரும், வண்டிக்காரரைப் பார்த்து மெக்கானிக்கும் சந்தேகப்படுகிற கதைதான், என்ன, விலை கோடிகளில்.

இதில் பெரிய வேடிக்கை, போட்டிக்கு நின்ற டி-90-யும் ஆவடிப் பிள்ளைதான். ரஷ்ய உரிமத்தில் அங்கே கட்டிய முதல் டி-90-கள் 2009 ஆகஸ்டில் வெளியே வந்தன. 2010 தொடக்கத்தில் ராஜஸ்தானில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அர்ஜுன் நன்றாகவே செய்தது. அதே வருடம் இன்னொரு 124-க்கு ஆர்டர். 2021-ல் மார்க் 1ஏ என்ற புது வகையில் 118. எல்லாம் கூட்டினால் 366. டி-90-யோ ஆயிரத்தைத் தாண்டிய கணக்கு. சோதனையில் ஜெயித்தும் எண்ணிக்கையில் பின்தங்கியதற்கு எடை, விலை, பாலங்கள், ரயில் வண்டிகள் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கசிந்த வருடங்களில் ஒட்டிக்கொண்ட பெயரை மட்டும் ஒரு சோதனை கழுவிவிடவில்லை.

சக்தி விஷயம் இன்னும் பாக்கி. மார்க் 1ஏ-யின் எடை 68 டன். இன்ஜின் அதே 1400. முன்பு டன்னுக்கு 24 குதிரைத்திறன், இப்போது 20.6. 46.5 டன் எடையில் 1000 குதிரைத்திறன் கொண்ட டி-90-க்கு 21.5!

1974-ல் கேட்ட அந்த 1500 குதிரைத்திறன் உள்நாட்டு இன்ஜின், 2024 மார்ச் 20 அன்று மைசூரில் பெமல் நிறுவனத்தின் சோதனை மேடையில் முதல் முறையாக உறுமியது. ஐம்பது வருடம்.