ஹெல்ப்ஸ்ரன் கிராமத்து ஒற்றையடிப் பாதைகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில், பிறனொருவனுக்கு உரிய கோதுமை வயலின் நடுவே, அவனுடைய அனுமதியைக் கேளாமலே வழிப்போக்கன் நடந்து செல்வதைக் காணலாம். வேலி குறுக்கிடும் இடத்திலே ஏறி இறங்குதற்கு மரக்கடவை ஒன்று இருக்கும். உழவன் தன் நிலத்தை உழலாம், விதைக்கலாம். ஆயின் அப்பாதையை அடைத்தல் இயலாது. இவ்வுரிமை தொன்றுதொட்டு இடையறாது வந்ததொன்று என அந்நாட்டாருட் பலர் நம்புவர். அது முழு உண்மை அன்று. பாதைகள் தொன்மையானவையே, ஆனால் இன்று எஞ்சியுள்ளவை பெரியதோர் அழிவுக்குத் தப்பியவை. அவ்வழிவு எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிதற்கு ஒரு கிராமத்தை எடுத்து நோக்குதல் போதும். அதற்கு ஹெல்ப்ஸ்ரன் மிகவும் ஏற்றது. அங்கே பாதைகள் அடைபட்ட காலத்தில் வாழ்ந்து, அதனை எழுதி வைத்த குடியானவன் ஒருவன் இருந்தான் என்பதே காரணம்.

பீற்றர்பரோ நகருக்கு வடமேற்கே அமைந்துள்ள இக்கிராமம் இரு வகை நிலங்கள் சந்திக்கும் எல்லையிலே கிடக்கின்றது. தெற்கே சுண்ணக்கல் மேடும் காடுகளும் புற்பற்றைகளும். வடகிழக்கே தாழ்ந்த சதுப்பு வெளி. மேற்கே, உரோமர் அமைத்த 'கிங் ஸ்றீற்' என்னும் பெருவழி நேர்கோடாகச் செல்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையும் ஊரைச் சூழ்ந்த விளைநிலம் லோலம் பிறிஜ் வயல், ஹீத் வயல், வுட்குறொவ்ற் வயல் என மூன்று பெருவெளிகளாகவே இருந்தது. இவற்றினுள் வேலி கிடையாது. ஒவ்வொரு குடியானவனுக்கும் உரிய நிலம் நீண்ட கீற்றுக்களாக மூன்று வயல்களிலும் சிதறிக் கிடந்தது. ஆண்டுதோறும் ஒரு வயல் தரிசாக விடப்பட்டு, ஊர் மந்தையின் மேய்ச்சலுக்கு உரியதாயிற்று. தன் கீற்றை அடைவதற்குப் பிறன் கீற்றின் ஓரமாக நடந்தாக வேண்டும், பிறனும் அவ்வாறே. எனவே வரம்புகள் யாவும் பாதைகளாயின. 'இது யாருடைய வழி?' என்னும் வினா அங்கே எழுதற்கு இடமே இருக்கவில்லை எனலாம்.

இவ்வூரிலே 1793ஆம் ஆண்டு யூலை 13ஆம் நாள் பண்ணைக் கூலியாள் ஒருவரின் மகனாக ஜோன் கிளெயர் பிறந்தார். பின்னர் ஆங்கில இலக்கியத்திலே நாட்டுப்புறத்தின் மெய்யான புலவர் எனப் பெயர் பெற்றவர் இவரே. இவருடைய இளமை முழுவதும் பாதைகளின் வரலாறாகவே அமைந்துள்ளது. அயற் கிராமமாகிய கிளின்ரன் தேவாலயத்தில் நடைபெற்ற பள்ளிக்கு வயல்வழியே நடந்தார். ஊர் விடுதியில் வேலை செய்த காலத்தில் மக்ஸி என்னும் ஊருக்கு வாரந்தோறும் மா வாங்கச் சென்றார். இருட்டிலே திரும்புகையிற் பேய்களை எண்ணி அஞ்சியதையும், அவ்வச்சத்தை மறக்கத் தமக்குத் தாமே கதை புனைந்து கொண்டு நடந்ததையும் தம் வாழ்க்கைக் குறிப்பிலே பதிந்துள்ளார். ஸ்ராம்போட் நகருக்குச் சென்று தொம்சனின் 'பருவங்கள்' என்னும் நூலை வாங்கித் திரும்பியபோது, வேலைநாளிலே கூலிச் சிறுவன் புத்தகம் படிப்பதைப் பிறர் காண்பரே என நாணி, பேர்லி மாளிகைப் பூங்காவின் மதிலை ஏறிக் குதித்து, உள்ளே மறைந்திருந்து அதனைப் படித்தாராம். பாதையிலே படிக்க நாணியவனுக்குப் பிரபுவின் மதில் தடையாகவில்லை!

1809ஆம் ஆண்டிலே ஹெல்ப்ஸ்ரன், மக்ஸி, கிளின்ரன், எற்றன், நோர்த்பரோ முதலிய அயலூர்களுக்கு உரிய வேலியடைப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இது தனி நிகழ்ச்சி அன்று. 1604ஆம் ஆண்டு தொடக்கம் 1914ஆம் ஆண்டு வரை இத்தகைய சட்டங்கள் 5,200க்கு மேல் இயற்றப்பட்டன. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் ஏறக்குறைய 68 இலட்சம் ஏக்கர். இது இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்திலொரு பங்கினும் சிறிது அதிகமாகும். சட்டம் நிறைவேறியதும் ஆணையாளர் ஊருக்கு வருவர், நிலத்தை அளப்பர், சிதறிய கீற்றுக்களையும் பொதுநிலத்தையும் ஒருங்கு சேர்த்து உரிமையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பர், ஈற்றிலே பங்கீட்டுத் தீர்ப்பை எழுத்தில் வெளியிடுவர். ஹெல்ப்ஸ்ரனுக்கு உரிய தீர்ப்பு 1820ஆம் ஆண்டில் வெளிவந்தது. கிளெயரின் முதற் கவிதைத் தொகுதி இலண்டனில் அச்சேறியதும் அவ்வாண்டே.

பாதைகளைப் பொறுத்தவரை 1801ஆம் ஆண்டின் பொது வேலியடைப்புச் சட்டத்தில் உள்ள ஒரு விதியே ஊன்றி நோக்கத்தக்கது. ஆணையாளர் முதலில் வண்டிச் சாலைகளை வகுத்தல் வேண்டும். அவை 30 அடிக்குக் குறையாத அகலம் உடையனவாதல் வேண்டும். பின்னர், அவர்களால் வகுக்கப்படாது விடப்பட்ட பழைய வழிகளும் பாதைகளும் என்றென்றைக்கும் அடைக்கப்பட்டனவாகக் கொள்ளப்படும். தலைமுறை தலைமுறையாக ஊரார் கால் பதித்த வழியொன்றை அழிப்பதற்கு எவரும் அதனை 'மூடுக' எனக் கட்டளையிட வேண்டியதில்லை. ஏட்டிலே அதன் பெயரை எழுதாது விடுதலே போதியதாயிற்று. நடையினாற் பிறந்தது எழுத்தின்மையால் இறந்தது.

புதிய வயல்களைச் சுற்றி முட்செடி வேலிகள் நடப்பட்டன. வேலி நாட்டிய கூலியாட்களுட் கிளெயரும் ஒருவர் என்பது அவருடைய வரலாற்றில் மிகத் துயரமான செய்தி. உழைப்புக்கு வேறு வழி இருக்கவில்லை. 'த மோர்ஸ்' என்னும் கவிதையிலே, 'இங்கே வழியில்லை' என அறிவிக்கும் பலகைகளை நாட்டிய சிறு நில உரிமையாளர்களை அவர் கடிந்து பாடியுள்ளார். ஊரின் தெற்கேயுள்ள 'சுவோடி வெல்' என்னும் பழைய கற்குழியும் இக்காலத்திலேயே தன் இயல்பை இழந்தது. முன்னர் எளியோரின் மாடு மேய்ந்த அந்நிலம், சாலைகளைச் செப்பனிடுதற்கு வேண்டிய கல்லைத் தோண்டும் இடமாகக் கோயிற்பற்றுக்கு ஒதுக்கப்பட்டது. பழைய பாதைகளை விழுங்கிய சாலைகள் மேய்ச்சற்றரையையும் விழுங்கின!

வேலியடைப்பினால் விளைச்சல் பெருகிற்று என்றும், எளியோருக்கு விளைந்த இழப்பு மிகைப்படுத்தப்பட்டது என்றும் வாதிப்போர் உளர். விளைச்சல் பற்றிய அவர்களது கூற்றிலே உண்மை உண்டு. ஆயினும் விறகு பொறுக்கச் சென்ற வழியும், பசுவை ஓட்டிச் சென்ற வழியும், ஞாயிற்றுக்கிழமைகளில் அயலூர்ச் சுற்றத்தாரைக் காணச் சென்ற குறுக்குவழியும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. நிலமற்றவனுக்கு ஊரில் எஞ்சிய ஒரே உடைமை அவன் நடந்த வழி. அதற்கு ஈடு எவரும் வழங்கவில்லை.

1815ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் பிறந்தது. 'தேவையற்றது' எனத் தாம் கருதும் பாதையைச் சமாதான நீதிவான் இருவர் கூடி மூடலாம் என அது விதித்தது. நீதிவான்களும் நிலக்கிழார்களும் ஒரே மேசையில் உணவருந்துவோர் என்பதை எண்ணினால் விளைவு விளங்கும். எதிர்ப்பு நகரங்களிலிருந்தே கிளர்ந்தது. பழைய பாதைகளைக் காப்பதற்கென யோர்க் நகரில் 1824இலும் மான்செஸ்ரரில் 1826இலும் சங்கங்கள் தோன்றின. ஆலைப் புகையிலே வாழ்ந்தோருக்கு வயல்வழி நடை உடல்நலத்துக்கு இன்றியமையாததாகிவிட்டமை இதற்குக் காரணமாகும். 1894ஆம் ஆண்டில் கோயிற்பற்றுச் சபைகள் நிறுவப்பட்டபோது, அச்சபையின் இசைவின்றி ஊர்ப்பாதையை மூடலாகாது என்னும் விதி உண்டாயிற்று. 1932ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டமோ, பொதுமக்கள் 20 ஆண்டு தடையின்றி உரிமையோடு நடந்த வழி பொதுவழியாகக் கொள்ளப்படும் என வகுத்தது. 1801ஆம் ஆண்டின் விதிக்கு இது நேர்மாறானது. இங்கே நடையே மீண்டும் சான்றாயிற்று.

எனினும் ஏடு அகன்றுவிடவில்லை. 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம் ஒவ்வொரு பகுதியும் தன் பாதைகளை அளந்து, முடிவான சான்றாகக் கொள்ளத்தக்க படமொன்றை வரைதல் வேண்டும் எனப் பணித்தது. ஊர்தோறும் கோயிற்பற்றுச் சபையினர் பாதைகளை நடந்து பார்த்துக் குறித்தனர். சில ஊர்களில் அது செவ்வனே நடந்தது, சிலவற்றில் அரைகுறையாயிற்று. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான பாதைகள் ஏறக்குறைய 140,000 மைல் நீளமுடையவை. பதிவிலிருந்து தவறியவை 49,000 மைலுக்கு மேல் இருக்கலாம் என நடைப்பயணிகள் சங்கம் 2020ஆம் ஆண்டிலே பழைய படங்களை ஒப்புநோக்கிக் கண்டது.

அவ்வாறு தவறிய பாதையை மீட்க விரும்புவோர் நாடிச் செல்லும் ஆவணங்களுள் முதன்மையானவை எவை? வேலியடைப்புத் தீர்ப்புக்களே. ஊர்வழிகளை அடைத்த அதே ஏட்டில், அடைக்காது விட்ட வழிகளும் வரையப்பட்டுள்ளன அல்லவா? 1801ஆம் ஆண்டின் சட்டம் பொது ஒற்றையடிப் பாதைகளை வகுக்கும் அதிகாரத்தை ஆணையாளருக்கு வழங்கவில்லை என 1993ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பினாற் பல பாதைகளின் சான்று வலுவிழந்தது. 22 ஆண்டுகளின் பின்னர், 2015ஆம் ஆண்டில், மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மறுத்து, அவ்வதிகாரம் இருந்தது எனத் தீர்த்தது. இறந்து பல தலைமுறையாகிவிட்ட ஆணையாளரின் பேனாக் கோடுகள் மீண்டும் உயிர் பெற்றன. பழைய வழிகளைப் பதிவு செய்வதற்கு 2000ஆம் ஆண்டின் சட்டம் 2026ஆம் ஆண்டை எல்லையாக வைத்தது; அவ்வெல்லை பின்னர் 2031க்குத் தள்ளப்பட்டது; 2024ஆம் ஆண்டு மார்கழியில் அரசாங்கம் அதனை அடியோடு நீக்க எண்ணியுள்ளதாக அறிவித்தது.

கிளெயர் இவற்றுள் எதனையும் கண்டாரல்லர். 1832ஆம் ஆண்டில் மூன்று மைல் அப்பாலுள்ள நோர்த்பரோவுக்குக் குடிபெயர்ந்தவர், அதனையே நாடுகடத்தலாக உணர்ந்து வருந்தினார். மனநோயுற்று எப்பிங் காட்டுக்கு அருகிலுள்ள இல்லமொன்றில் வைக்கப்பட்டவர், 1841ஆம் ஆண்டு யூலையில் அங்கிருந்து வெளியேறி, கையிற் காசின்றி, பசிக்கு வழியோரப் புல்லைத் தின்று, ஏறக்குறைய 80 மைல் நடந்து நான்கு நாளில் ஊர்ப்பக்கம் சேர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் நோர்தாம்ரன் மனநோய் இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, 1864இல் அங்கேயே காலமானார்.

அவர் உடல் ஹெல்ப்ஸ்ரன் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த சிறு வீடு 2009ஆம் ஆண்டு முதல் பொதுமக்களின் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளது. பீற்றர்பரோவிலிருந்து ஸ்ராம்போட் வரை செல்லும் 'ரோர்ப்பெல் வழி' என்னும் நடைவழி இவ்வூரூடாகவே செல்கின்றது. சுவோடி வெல் குழியோ, கல் தோண்டி முடிந்தபின் குப்பை கொட்டும் இடமாகவும் கிடந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே உள்ளூர் அறக்கட்டளை ஒன்றினால் வாங்கப்பட்டு இயற்கைக் காப்பிடமாக்கப்பட்டது. ஒருகால் வேலியால் அடைபட்ட அந்நிலத்தில் இன்று ஊரார் நடக்கின்றனர், ஆடுகளும் மேய்கின்றன.