‘புரிதல் இல்லாமல்’: ஃபுகுஷிமா நீர் விவாதத்தில் ஒரு வாக்கியமும் அதன் பாடபேதங்களும்

2011இல் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா தாய்-இச்சி அணுமின் நிலைய நீரைக் கடலில் விடுவது பற்றி எழுதுவோர் பெரும்பாலும், சுத்திகரித்தாலும் நீங்காத கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தில் தொடங்குவார்கள். நான் ஓர் இடைச்சொல்லில் தொடங்குகிறேன். 2015 ஆகஸ்ட் 25 அன்று டோக்கியோ மின்நிறுவனமான டெப்கோ, ஃபுகுஷிமா மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்புக்கு எழுதிய பதில் மடலில் அந்த இடைச்சொல் இருக்கிறது. எட்டு ஆண்டுகள் ஜப்பானில் நடந்த வாக்குவாதத்தின் முடிச்சு அதில்தான் விழுந்தது என்பது என் கருத்து. இந்தக் கருத்துக்கு முதல் தடை செகியா நாஓயாவின் வாசிப்பு. ஆகவே அவரிடமிருந்து புறப்படுகிறேன்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செகியா, ‘ஃபூஹ்யோ ஹிகாய்’ என்ற சொல்லாட்சியை ஆராய்ந்து 2011இல் நூல் எழுதியவர். நீரை என்ன செய்வது என்று ஆராய 2016இல் அரசு அமைத்த துணைக்குழுவிலும் உறுப்பினராக இருந்தார். அச்சொல்லைத் தமிழில் ‘வதந்திச் சேதம்’ என்றால் பாதிதான் வரும். ‘பேர் கெட்டதால் வந்த நட்டம்’ என்றால் சற்று நெருங்கும். ஒரு விபத்து பெரிதாகச் செய்தியாகும்போது, பாதுகாப்பானவை என்று கருதப்படும் உணவையும் பொருளையும் நிலத்தையும் மக்கள் ஆபத்தானவையாக எண்ணி ஒதுக்குவதால் விளையும் பொருளாதார இழப்பு என்பது அவர் தரும் வரையறை. கதிர்வீச்சு படாமலே விலை விழுந்த மீனுக்கு இழப்பீடு எப்படிக் கொடுப்பது என்ற சிக்கலில்தான் இச்சொல் வேர்விட்டது என்று அவர் காட்டியது பெரிய பங்களிப்பு. அதை நான் மறுக்கவில்லை.

மறுப்பது அவர் கோக்கும் மாலையை. 1954இன் பிகினி சூரைமீன், 1974இன் ‘முத்சு’ அணுக்கப்பல், 1981இன் சுருகா அணுஉலைக் கசிவு என்று ஒரே நூலில் கோத்தால், அதன் அடுத்த மணியாக ஃபுகுஷிமா நீர் இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்போது விவாதம் முழுவதும் நுகர்வோரின் அச்சம் பற்றியதாகிவிடும். மீனவர், அந்த அச்சத்தால் நட்டப்படுபவர். அவருக்கு வேண்டியது இழப்பீடு. துணைக்குழு 2020 பிப்ரவரியில் தந்த அறிக்கையும், நீராவியாக விடுவதையும் கடலில் விடுவதையும் நடைமுறைக்கு ஏற்றவை என்று சொல்லிவிட்டு, எஞ்சியதைப் பெரும்பாலும் இந்தச் சேதத்தைச் சமாளிக்கும் வழிகளாகவே பார்த்தது.

மாலையின் முதல் மணியிலேயே விரிசல். 1954 மார்ச்சில் யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பிய ஐந்தாம் ஃபுகுர்யு மாரு படகின் ஆட்கள்மீது பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் உண்மையிலேயே விழுந்திருந்தது. அந்த ஆண்டு நூற்றுக்கணக்கான படகுகளின் மீன் அளந்து பார்த்துக் கொட்டப்பட்டது. மாசில்லா மீனும் அதோடு விலை இழந்தது உண்மைதான். ஆனால் அங்கே அச்சத்துக்கு அடி இருந்தது.

இரண்டாம் மணிதான் எனக்கு முக்கியம். 1974 செப்டம்பர் 1 அன்று முத்சு கப்பலின் உலையில் கதிர்வீச்சுக் கசிந்தது. முத்சு வளைகுடாவின் சிப்பி வளர்ப்போரும் மீனவரும் அதைத் துறைக்குள் விட மறுத்தார்கள். கப்பல் கடலிலேயே நாற்பது நாளுக்கு மேல் அலைந்து, அக்டோபர் நடுவில்தான் திரும்பியது. அதற்கு முன் அரசும் உள்ளூர்த் தரப்புகளும் ஓர் ஒப்பந்தம் எழுதின: ஆறு மாதத்துக்குள் புதிய துறைமுகம் முடிவு செய்யப்படும், இரண்டரை ஆண்டுக்குள் அங்குள்ள துறை வசதி அகற்றப்படும். கப்பல் சசெபோவுக்குப் போனது 1978இல். கெடு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1982இல் அதே வளைகுடாவுக்கே திரும்பி வந்தது. இதில் நுகர்வோர் எங்கே இருக்கிறார்? இது எழுதிக் கொடுத்த வாக்கின் கதை. ஃபுகுஷிமா நீரின் முன்னோடியை முத்சுவில் தேடினால், அதை அதன் சிப்பி விலையில் தேடக் கூடாது, அதன் ஒப்பந்தத் தாளில் தேட வேண்டும்.

இனி 2015இன் தாளுக்கு வருவோம். உலைக் கட்டடங்களைச் சுற்றிய கிணறுகளில் நிலத்தடி நீரை இறைத்து, சுத்திகரித்து, கடலில் விட டெப்கோ விரும்பியது. பலவகைக் கதிரியக்கத் தனிமங்களை நீக்கும் அமைப்பில் சுத்திகரித்துத் தொட்டிகளில் தேக்கிய நீர் வேறு, இது வேறு. கூட்டமைப்பு ஆகஸ்ட் 11 அன்று சில நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தது. அவற்றுள் ஒன்று, கட்டடங்களுக்குள் இருக்கும் நீரைச் சுத்திகரித்த பின்னும் தொட்டிகளிலேயே பொறுப்போடு காக்க வேண்டும், மீனவரின், நாட்டு மக்களின் புரிதலைப் பெறாத கடல்வெளியீட்டை ஒருபோதும் செய்யக் கூடாது என்பது. டெப்கோவின் பதிலை, ஜப்பானிய மொழியின் சொல்வரிசை தமிழோடு ஒத்துப்போவதால், ஏறத்தாழ அப்படியே தரலாம்: இத்தகைய நடைமுறைகளும் தொடர்புடையோரின் புரிதலும் இல்லாமல் எவ்வித அகற்றலும் செய்யாமல், சுத்திகரித்த நீரை நிலைய வளாகத் தொட்டிகளில் தேக்கிவைப்போம்.

கேட்டதையும் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘மீனவர், நாட்டு மக்கள்’ என்பது ‘தொடர்புடையோர்’ ஆகிவிட்டது. ‘கடல்வெளியீடு’ என்பது ‘எவ்வித அகற்றலும்’ என்று விரிந்திருக்கிறது; இங்கே மீனவர் கேட்டதைவிடக் கூடுதலாகவே கிடைத்திருக்கிறது. மூன்றாவதாக, கேட்காத ஒன்று நுழைந்திருக்கிறது: ‘இத்தகைய நடைமுறைகள்’. அதாவது விளக்கக் கூட்டங்கள் முதலானவை.

நான் சொன்ன இடைச்சொல், பதிலில் ‘நடைமுறைகள்’, ‘புரிதல்’ இரண்டையும் இணைக்கும் ‘யா’. நம் எண்ணும்மையைப் போன்றது, ஆனால் சற்று நெகிழ்வானது. ‘முதலியன’ என்ற வாடையும் அதில் உண்டு. எதிர்மறையோடு சேரும்போது எண்ணும்மையே வழுக்கும். “உப்பும் புளியும் இல்லாமல் குழம்பு வைக்க மாட்டேன்” என்றவள் புளியில்லாமல் வைத்துவிட்டால் சொல் தவறினாளா? தவறினாள் என்றே பலரும் சொல்வோம். இரண்டுமே இல்லாதபோதுதான் மாட்டேன் என்றேன் என்று அவள் வாதாடவும் இடமிருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. செய்தித்தாள்கள் இவ்வாக்கியத்தைச் சுருக்கியே எடுத்தாளுகின்றன: தொடர்புடையோரின் புரிதல் இல்லாமல் எவ்வித அகற்றலும் இல்லை. நடைமுறையும் ‘யா’வும் உதிர்ந்துபோன இந்தப் பாடபேதம் மூலபாடத்தைவிடக் கறாரானது, பொதுவெளியில் வாழ்ந்ததும் இதுதான். அலுவலர்கள் திட்டமிட்டுத்தான் நடைமுறையை நுழைத்தார்கள் என்று அறுதியிட ஆதாரம் போதாது. வழக்கமான அலுவலக நடையாகவும் இருக்கலாம். என் ஊகம் வேறு பக்கம் சாய்கிறது: கேட்டவர் எழுதாத நிபந்தனையைப் பதில் எழுதுபவர் சும்மா சேர்ப்பதில்லை.

‘புரிதல்’ என்று நான் பெயர்க்கும் ‘ரிகாய்’ என்ற சொல்லும் தொல்லைதான். இசைவுக்கு ஜப்பானியத்தில் ‘தோஇ’ என்று தனிச்சொல் இருக்கிறது. அந்நாட்டில் சாலைப்பணி நடக்குமிடத்துப் பலகைகள் கேட்பதும் உங்கள் ‘ரிகாய்’தான், அங்கே அதன் பொருள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதே. இச்சொல்லை முதலில் எழுதியவர்கள் மீனவர்களே என்பதையும் மறைக்கக் கூடாது. அவர்கள் அதை இசைவு என்ற கனத்தோடு எழுதினார்கள். பதில் தந்தவருக்கு அந்தக் கனம் கட்டாயமாக இருக்கவில்லை.

செகியாவுக்குச் சாதகமான சான்றுகளும் உண்டு. ஆண்டுக்கு 22 லட்சம் கோடி பெக்கரல் டிரிட்டியம் என்பதே வெளியீட்டின் உச்சவரம்பு. பிரான்ஸின் லா ஹேக் மறுசுழற்சி ஆலை அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் கடலில் விட்டுவந்திருக்கிறது. லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குள் நீர்க்க வைத்து விடுகிறார்கள். ஜப்பானின் சட்ட வரம்பு 60,000. 2023 ஜூலை 4 அன்று பன்னாட்டு அணுசக்தி முகமையும் இத்திட்டம் தன் பாதுகாப்பு நெறிகளுக்கு ஏற்பவே உள்ளது என்றது. அப்படியானால் மிஞ்சுவது வெறும் அச்சந்தானே என்று கேட்கலாம். அச்சம் மட்டுமாக இருந்திருந்தால் 2018 அந்த அளவுக்குச் சுட்டிருக்காது. ஆகஸ்ட் இறுதியில் தோமியோகா, கோரியாமா, டோக்கியோ மூன்றிடங்களிலும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடந்தது. டிரிட்டியம் மட்டுமே எஞ்சியது என்று சொல்லப்பட்ட நீரில் அயோடின்-129, ஸ்ட்ரான்ஷியம்-90 போன்றவையும் இருப்பது அதற்குச் சற்று முன்புதான் செய்தியாகியிருந்தது. செப்டம்பரில் டெப்கோவே, ஆராய்ந்த தொட்டிநீரில் எண்பது சதவீதத்துக்கு மேல் வெளியீட்டு வரம்பைத் தாண்டியிருப்பதாக ஒப்புக்கொண்டது. மீண்டும் சுத்திகரிக்கலாம் என்பது சரி. ஆனால் கூட்டத்துக்கு வந்தவர் இழந்தது மீன்மீதான நம்பிக்கையை அல்ல.

பெயர்ப் போர் பற்றிச் சுருக்கமாக. ‘ஓசென்சுய்’ (மாசுநீர்) எப்போது ‘ஷோரிசுய்’ (சுத்திகரித்த நீர்) ஆனது என்று ஒரு நாளைச் சுட்ட முடியாது. இரண்டும் நெடுநாள் கலந்தே புழங்கின. வரையறைக்கு மட்டும் நாள் உண்டு. 2021 ஏப்ரல் 13 அன்று, கடல்வெளியீட்டை அரசு அறிவித்த அதே நாளில், டிரிட்டியம் தவிர மற்றவை வரம்புக்குள் வந்த நீரே அப்பெயருக்கு உரியது என்று சொல்லப்பட்டது. 2023 ஆகஸ்ட் 31இல் வேளாண் அமைச்சர் நொமுரா தெத்சுரோ வாய்தவறி ‘ஓசென்சுய்’ என்றுவிட்டு, பிரதமரின் உத்தரவின்பேரில் மன்னிப்புக் கேட்டார்.

அதே மாதம் வாக்கியத்துக்குக் கடைசி உரை எழுதப்பட்டது. தொழில் அமைச்சர் நிஷிமுரா யசுதோஷி, தொடர்புடையோரின் ‘ஓரளவு’ புரிதல் கிடைத்துவிட்டதாகக் கணித்தார். மூலத்திலோ பாடபேதத்திலோ அந்த ‘ஓரளவு’ இல்லை. தேசிய மீனவர் கூட்டுறவுக் கூட்டமைப்பின் தலைவர் சகமோதோ மசானொபு, எதிர்ப்பு மாறவில்லை என்றார். வாக்கு மீறப்படவும் இல்லை, நிறைவேற்றப்படவும் இல்லை என்று அவர் சொன்னது, ‘யா’ பற்றி நான் மேலே எழுதிய பத்தியைவிடத் துல்லியமானது. ஆகஸ்ட் 24 பிற்பகல் ஒரு மணி கடந்ததும் நீர் கடலடிச் சுரங்கம் வழியாக வெளியேறத் தொடங்கியது. அன்றே சீனா ஜப்பானியக் கடலுணவு முழுவதையும் தடைசெய்தது. இத்தடையைச் செகியாவின் வரையறைக்குள் எப்படி அடக்குவது என்பதும் எனக்குப் புலப்படவில்லை. அதை விதித்தது மிரண்ட நுகர்வோர் அல்ல, ஓர் அரசு.

அப்படியானால் புரிதல் கிடைத்த நாள் எது? அரசின் கணக்கில் 2023 ஆகஸ்ட். ஃபுகுஷிமா மீனவர் தரப்போ, உலைகளைக் கலைக்கும் பணி முடிந்து, அப்போதும் அக்கரையில் மீன்பிடி தொடர்ந்தால்தான் புரிதல் முழுமையாகும் என்றது. அரசின் திட்டப்படி கலைப்பு முடிய வேண்டிய காலம் 2041க்கும் 2051க்கும் இடையே. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து காலவரிசை அட்டவணையில் எழுத நான் தயாரில்லை. நீர் தேங்கியிருக்கும் என்று மடல் சொன்ன தொட்டிகளுள் காலியானவற்றைப் பிரித்தெடுக்கும் வேலை 2025 பிப்ரவரியில் தொடங்கியது.