ஒரு நியமமும் அதன் ஐந்து பதிப்புகளும்

ஒரு நூல் பிறிதொரு நூலை ஆதாரமாகக் கொள்ளுமிடத்து, அதன் எப்பதிப்பைக் கருதியது என்பது தெளிவாதல் வேண்டும். இவ்விதி நூலாராய்ச்சியாளர்க்கு மட்டுமன்றிக் கணினி நியமங்களை வகுப்போர்க்கும் உரியதாகும். எக்ஸ்.எம்.எல். என்னும் நியமத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

கணினிகள் தம்முட் பரிமாறும் ஆவணங்களின் பகுதிகளுக்குப் பெயரிட்டு ஒழுங்குசெய்யும் முறையே எக்ஸ்.எம்.எல். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998 பெப்ரவரி 10 இல் இதன் 1.0 வடிவத்தை வெளியிட்டது. எழுத்துகளைப் பொறுத்தவரை இஃது யூனிக்கோட் என்னும் வேறொரு நியமத்தைச் சார்ந்து நின்றது. யூனிக்கோட் 2.0 இல் அடங்கிய எழுத்துகளுள், பெயர்களில் வரத்தக்கவை எவையெனப் பட்டியல் வகுக்கப்பட்டது. பட்டியலில் இல்லாதவை பெயர்களில் இடம்பெறல் ஆகாது.

ஆயின் யூனிக்கோட் வளர்ந்துகொண்டே சென்றது. 1999 இல் வெளிவந்த 3.0 வடிவத்திலேயே சிங்களம், பர்மியம், கெமர், எத்தியோப்பியம் முதலிய எழுத்துகள் சேர்ந்தன. இவற்றை ஆவணத்தின் உள்ளடக்கத்தில் எழுதலாம். பகுதிகளின் பெயர்களில் எழுதல் இயலாது. 1991 முதலே யூனிக்கோட்டில் இருந்த தமிழுக்கு அத்தடை இல்லை. எனினும் 2005 இல் 4.1 வடிவத்தில் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்னும் எழுத்து அதற்குள் அகப்பட்டது. காலத்தாற் பிந்தியமையன்றி இவ்வெழுத்துகளிடத்து யாதொரு குறையும் இல்லை.

இதற்குப் பரிகாரமாக 2004 பெப்ரவரி 4 இல் 1.1 வடிவம் தோன்றியது. அனுமதித்தவற்றைத் தவிர ஏனைய விலக்கப்பட்டன என்பது பழைய நெறி. விலக்கியவற்றைத் தவிர ஏனைய அனுமதிக்கப்பட்டன என்பது புதிய நெறி. ஆயினும் 1.1 எனக் குறித்த ஆவணங்களைப் பழைய செயலிகள் ஏற்கவில்லை. ஆதலின் அவ்வடிவம் பரவலாக வழக்கில் வரவில்லை. அதே நாளில் வெளிவந்த 1.0 இன் மூன்றாம் பதிப்போ பழைய பட்டியலையே கொண்டிருந்தது.

ஈற்றில் 2008 நவம்பர் 26 இல் வெளிவந்த 1.0 இன் ஐந்தாம் பதிப்பு அப்புதிய நெறியைத் தழுவிக்கொண்டது. எழுத்துகளுக்கு நேர்ந்த அநீதி நீங்கிற்று. ஆனால் வேறொரு சிக்கல் எழுந்தது. வடிவ எண் மாறாது 1.0 ஆகவே இருந்தமையால், ஒரே ஆவணத்தை ஒரு செயலி ஏற்க மற்றொன்று மறுக்கலாயிற்று. ‘எக்ஸ்.எம்.எல். 1.0’ என்று மட்டும் சுட்டிய ஏனைய நியமங்கள் நான்காம் பதிப்பைக் கருதினவா, ஐந்தாம் பதிப்பைக் கருதினவா என்ற ஐயமும் உண்டாயிற்று. கூட்டமைப்பு ஒவ்வொரு பதிப்புக்கும் திகதியிட்ட முகவரியும், அண்மைப் பதிப்பையே காட்டும் திகதியற்ற முகவரியும் வழங்குகின்றது. ஒரு நியமம் ஓரிடத்தில் முன்னதையும் மற்றோரிடத்தில் பின்னதையும் சுட்டுமாயின், புதிய பதிப்பு வெளிவந்ததும் தன்னொடு தானே முரண்படும்.

திகதியிட்ட சுட்டு உறுதி தரும். பின்வருவோர்க்கு வாயிலை அடைக்கும். திகதியற்ற சுட்டு வாயிலைத் திறக்கும். பொருளை நிலைபெயரச் செய்யும். இரண்டனுள் எதனைக் கொள்ளினும் அதனை வெளிப்படக் கூறி, நியமம் முழுவதிலும் ஒருமைப்படப் பேணுதலே நியமம் வகுப்போர் கடனாகும். அக்கடன் வழுவின் அதன் பயனை அனுபவிப்போர், நியமத்தை ஒருபோதும் வாசித்தறியாத, பிந்திச் சேர்ந்த எழுத்துகளுக்குரிய மக்களேயாவர்.