ஆரணி ஆற்று மணலும் மணலியின் தாகமும்

ஆரணி என்றதும் உங்களுக்குப் பட்டுப் புடவை நினைவுக்கு வரலாம். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நாம் இப்போது காணவிருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கு அருகிலுள்ள மற்றோர் ஆரணி. இவ்வூரை ஒட்டிச் செல்லும் ஆரணி ஆறு ஆந்திர மலைப் பகுதியில் தோன்றி, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டருகே கடலை அடைகிறது. ஆண்டில் பெரும்பகுதி இது வெறும் மணற்பரப்புதான். ஆனால் அம்மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருந்தது.

1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ஆரணி, கொசஸ்தலை ஆறுகளின் படுகை ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. அப்போதுதான் மணலியில் பெரும் ஆலைகள் எழுந்துகொண்டிருந்தன. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இலும், உர ஆலை 1971-இலும் உற்பத்தியைத் தொடங்கின. உழவர்களின் கிணறுகள் இறைத்த அதே நீரைக் குழாய்கள் மணலிக்கும் கொண்டு சென்றன.

கடலோர நிலத்தில் இதன் விளைவு என்ன தெரியுமா? நன்னீர் உப்புநீரை விட இலேசானது. ஆகவே நிலத்தடியில் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீர் தள்ளி வைக்கப்படும். மேலே ஒரு மீட்டர் இறைத்துவிட்டால் கீழே 40 மீட்டர் காவல் போயிற்று! மீஞ்சூரில் நிகழ்ந்தது இதுவே. 1969-இல் கடலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவுவரை வந்திருந்த உப்பு, 1983-இல் 7 கிலோமீட்டரையும், 1987-இல் 9 கிலோமீட்டரையும் எட்டியது. அந்த 1987-இலேதான் நிலத்தடி நீரெடுப்பைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. சற்றே தாமதம் என்றுதான் சொல்லவேண்டும்.

அப்படியானால் ஆலைகளுக்குத் தண்ணீர்? மணலிக்குப் பக்கத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது, சென்னையின் சாக்கடை வடிவில்.

இங்கே நாம் சற்று மான்செஸ்டர் நகருக்குப் போய்வர வேண்டும். அங்கே கில்பர்ட் ஃபௌலர் என்ற வேதியியலாரின் தூண்டுதலால் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் சாக்கடை நீருக்குள் காற்றை ஊதிப் பார்த்தனர். நீர் தெளிய முதலில் வாரக்கணக்கில் ஆயிற்று. அடியில் படிந்த சேற்றை எறிந்துவிடாமல் வைத்துக்கொண்டு புதுச் சாக்கடை நீரை ஊற்றினர். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்து, இறுதியில் சில மணிகளிலேயே நீர் தெளிந்தது! அச்சேற்றில் பெருகியிருந்த நுண்ணுயிர்கள் கழிவை உண்டு தீர்த்தன. 1914-இல் இருவரும் இதை வெளியிட்டனர். 1916-இல் ஃபௌலர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

இம்முறையில் தெளிந்த நீரில் உப்புகள் அப்படியே இருக்கும். கொதிகலனுக்கு அது உதவாது. எனவே 1990-களில் மணலி ஆலைகள் கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீரை விலைக்கு வாங்கி, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்பை நீக்கிப் பயன்படுத்தத் தொடங்கின. 2019-இல் கொடுங்கையூரிலேயே நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை இவ்வாறு தயாரிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அந்நீர் மணலி, மீஞ்சூர்ப் பகுதி ஆலைகளுக்குப் போகிறது. ஒரு காலத்தில் மீஞ்சூர் மணலிக்குத் தண்ணீர் கொடுத்தது. இப்போது மீஞ்சூருக்கே நகரத்துச் சாக்கடை நீர் திரும்பிவருகிறது!

நுண்ணுயிர்கள் எதையும் தின்னும் என்று எண்ணிவிடாதீர்கள். அமிலமோ குரோமியமோ வந்தால் அவை மடியும். எண்ணெய் வந்தால் சவ்வின் துளைகள் அடையும். ஆகவே ஆலைக் கழிவை ஆலை வாசலிலேயே பக்குவப்படுத்த வேண்டும்: எண்ணெயைப் பிரித்து, அமிலத்தைச் சுண்ணாம்பால் தணித்து, உலோகங்களைப் படியவைத்து அனுப்பவேண்டும். ஆரணி ஆற்றுக்கு வடக்கே உருக்கு, இரசாயன ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் விதி இதுவே. ஓர் ஆலை ஏமாற்றினால் ஊர் முழுவதன் நீரும் கெடும்.

ஆரணி ஆற்றின் குறுக்கே இப்போது தடுப்பணைகள் கட்டி மழைநீரை மணலுக்குள் இறக்குகிறார்கள். உள்ளே புகுந்த உப்பை நன்னீர் கொண்டுதான் மெல்ல மெல்லத் தள்ள முடியும். அது பல பருவமழைகள் எடுக்கும் வேலை. மீஞ்சூர்ப் பக்கம் போனால் கிணற்று நீரை ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள்.