சலாபச் செய்தியும் இரட்டிப்புக் கணக்கும்

தூத்துக்குடிக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட கடலில் முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடைபெற்றதன்று. பார்களில் சிப்பி முதிர்ந்துள்ளதா என அரசினர் ஆய்ந்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே அறிவிப்பு வெளியாகும். அது வெளியானதும் கீழக்கரைக் குளியாட்கள் முதல் பாரசீக வளைகுடா அரபுகள் வரை திரண்டு வருவர். 1905இல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் எடுக்கப்பட்ட சிப்பிகள் மட்டும் ஏறத்தாழ 8 கோடி. வெறும் மணற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழுந்தது.

அச்சேறிய அறிவிப்பு ஒருபுறமிருக்க, வாய்மொழியாகச் செய்தி பரவும் வேகத்தைக் கணிதம் எவ்வாறு அளக்கிறது? அறிந்தவர் ஒவ்வொருவரும் நாளுக்கு ஒருவருக்குச் சொன்னால் ஒருவர் இருவராவார், இருவர் நால்வராவர். பத்தாம் நாளில் 1,024 பேர். இருபதாம் நாளில் 10,48,576 பேர். இதுவே அடுக்குக்குறிச் சார்பு. நம்மவர்க்கு இது புதிதன்று. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் தானியத்தை இரட்டித்து வைத்தால் வரும் தொகை 1,84,46,74,40,73,70,95,51,615 என்பதை அல்பீரூனி ஏறத்தாழ கி.பி. 1000இலேயே கணித்துக் காட்டினார்.

எனினும் மனிதக் கூட்டம் முடிவற்றதன்று. நாள் செல்லச்செல்ல, சொல்லப்படுபவர் முன்னரே அறிந்தவராக இருப்பார். வளைகோடு மேலெழுந்து பின் தட்டையாகிவிடும். பெல்ஜிய அறிஞர் வெர்ஹல்ஸ்ட் 1838இல் மக்கள்தொகைக்கு வகுத்த கணக்கு இவ்விடத்திற்கும் பொருந்துகிறது.

இக்கணக்கு சொல்லாத ஒன்றை ஹதீஸ் கலை சொல்கிறது. ‘செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை’ என்னும் நபிமொழி உமர் (ரலி), அல்கமா, முஹம்மத் இப்னு இப்ராஹீம், யஹ்யா இப்னு ஸஈத் எனத் தனித்தனி ஒருவர் வழியாகவே வந்தது. யஹ்யாவுக்குப் பின்னரே பெருங்கூட்டம் அதனை அறிவித்தது. ஆயினும் ஹதீஸ் கலையினர் அதனை முதவாத்திர் எனக் கொள்ளவில்லை. கடைசியில் எத்தனை பேர் சொல்கின்றனர் என்பதை விட்டு, ஒவ்வொரு படித்தரத்திலும் எத்தனை பேர், அவர்கள் எத்தகையோர் என்றே வினவினர்.

வணிகர்கள் அவ்வாறு வினவினரா? 1905இன் செழிப்பு எங்கும் பேசப்பட்டபின், 1906இல் ஒரு கம்பெனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் இலங்கைப் பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. கடலடியில் இருந்த சான்றோ சில ஆண்டுகளின் விளைச்சல்தான். 1907க்குப் பின் பார்கள் பொய்த்தன, கம்பெனி கலைந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955இல் தொடங்கிய தொடர் சலாபமும் 1961உடன் நின்றுபோயிற்று.